செம்பாயியின் கோழிக்கிடை

கேளுங்கள் பெரியோரே, பிள்ளைகளே. முன்னொரு காலத்தில் நாட்டை ஓர் அரசன் ஆண்டான். கரட்டூரை மட்டும் ஒரு நிலக்கிழார் ஆண்டார்.

ஊரின் ஆடுகளெல்லாம் அவருடையவை. இரவில் எந்த வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறார்களோ அந்த வயல் எருவேறி விளையும். கிழாரின் காலில் விழுந்தவருக்குக் கிடை உண்டு, விழாதவருக்கு இல்லை. விளையாத நிலம் கிழாருக்கே சேரும் என்றொரு சட்டமும் இருந்தது. அதை எழுதச் சொன்னவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

செம்பாயி விழாதவள். அவளுக்கு இருந்தது ஒரு துண்டு மேட்டுநிலம், ஒரு கூட்டம் கோழி. அந்த ஆண்டும் விளையாவிட்டால் நிலம் போய்விடும்.

அந்தியில் வீட்டு வாசலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கோழிகளை அடைப்பது ஊர் வழக்கம். செம்பாயி அந்த மூங்கில் கூடையை வயலுக்குச் சுமந்தாள். ஒருநாள் ஓரிடத்தில் கவிழ்ப்பாள்; மறுநாள் அதற்கு அடுத்த இடத்தில்; அதற்கும் மறுநாள் அதையும் தாண்டி. நரிக்குப் பயந்து நாயோடு காவல் கிடந்தாள்.

ஊர் சிரித்தது. "ஏன்டி செம்பாயி, கோழிக்குமா கிடை? நாளைக்குக் குருவிக்கும் போடுவியா?"

"குருவி வந்தா போடுவேன். கிழார் வாசல்ல மட்டும் போய் நிக்க மாட்டேன்."

எச்சம் விழுந்த மண்ணை உழுதாள், ஆறவிட்டாள், மழைக்குப் பின் கேழ்வரகு விதைத்தாள். பயிர் இடுப்பளவு எழுந்தது.

கிழாருக்குப் பொறுக்கவில்லை. "ஊர்க்கோழி எச்சத்தையெல்லாம் வாரிட்டு வாங்கடா!" என்றார். சூடு ஆறாத எச்சத்தைத் தன் வயலில் நின்ற பயிரின் வேரிலேயே கொட்டச் செய்தார். பயிர் மஞ்சளித்தது, கருகியது, தலைசாய்ந்தது.

அறுவடையில் எந்த நிலம் விளைந்தது, எது விளையவில்லை என்று பார்க்க அரசனின் அதிகாரி வந்தார்.

"இவள் சூனியக்காரி! என் பயிரைத் தீய்த்துவிட்டாள். நிலத்தைப் பறியுங்கள்" என்று கிழார் கூவினார்.

செம்பாயி தன் வயல் மண்ணை ஒரு கை அள்ளிக் காட்டினாள். "கோழி எச்சம் நெருப்பு, ஐயா. முதல்ல மண்ணு தின்னணும். அப்புறந்தான் பயிர் தின்னணும். இவரு மண்ணுக்கு ஒரு வாய் குடுக்கலை. அது சூனியம்னா, இந்தாங்க, இதுவும் சூனியந்தான்" என்று ஒரு கதிரை நீட்டினாள்.

அதிகாரி கசக்கிப் பார்த்தார். உள்ளங்கை நிறைய மணி உதிர்ந்தது.

"நிலம் இவளுக்கே" என்றார்.

கிழாரின் கருகிய நிலத்தை மட்டும் எவரும் பறிக்கவில்லை. சட்டங்கள் பெரிய வேலிகளைத் தாண்டுவதில்லை.

ஆனால் அடுத்த கோடையில் பார்த்திருக்க வேண்டும்! அந்தி சாய்ந்ததும் கரட்டூர் மேடெங்கும் பஞ்சாரங்கள் கவிழ்ந்தன. கிடை கேட்டுக் கிழாரின் வாசலில் ஒரு தலையும் குனியவில்லை.

தன்னிடம் உள்ள சிறியதன் வலிமையை அறிந்தவர், பிறரிடம் உள்ள பெரியதற்குத் தலைவணங்க வேண்டியதில்லை.