டப்பாவுக்குள் கிழித்த கோடு

மெழுகு குறைந்தது. ஆறு வாரம் வர வேண்டிய டப்பாவில் மூன்றாவது வாரமே அடி தெரிந்தது.

சாமிக்கு ஊர் கிடையாது. ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடுதான் இருப்பிடம். கேரவன் என்பார்கள். கடலுக்குத் தூரமாய்ச் சுற்றியவரை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். அந்த மாதம் உப்பளத்து ஓரம் நிறுத்தினார். உப்புக் காற்று தகரத்தைத் தின்னும். வெள்ளிதோறும் கழுவி, வெளிப்புறம் முழுக்க மெழுகு தேய்க்கச் சொன்னார்.

இரண்டு சீடர்கள். ஆளுக்கு ஒரு பக்கம். வேலையைக் கெடுத்தவன் மூட்டையைக் கட்ட வேண்டும். சாமியிடம் இருந்த ஒரே விதி அது.

இடப்பக்கம் வைகுண்டம். ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எந்த முகத்தைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத முகமாகத்தான் அவருக்குத் தெரியும்.

வலப்பக்கம் சுடலைமணி. செம்புக் கம்பி திருடி இரண்டு வருஷம் உள்ளே இருந்தவன். அதை அவனே சொன்னான். வந்து ஒரு மாதம்.

வைகுண்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

"சாமி, மெழுகை அவன் எடுக்கான்."

"பாத்தீரா?"

"பாக்கல. ஆனா சாப்பிடப் போகும்முன்ன டப்பாவுக்குள்ள ஆணியால கோடு கிழிச்சேன். ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுப் பாத்தா, மெழுகு கோட்டுக்கு ஒரு விரல் கீழ நிக்கி. வாராவாரம் இதே கதை."

"அவன்கிட்ட கேட்டீரா?"

"கேட்டேன். 'வேலைக்குத்தான் எடுத்தேன் அண்ணாச்சி'ங்கான். அவன் பக்கத்து வேலை சாப்பாட்டுக்கு முந்தியே முடிஞ்சிருது. பெறகென்ன வேலை?"

சாமி டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார்.

"திருட்டுக் கைகூட என்னால இருக்க முடியாது சாமி. ஒண்ணு அவன், இல்ல நான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லுதேன்."

வெள்ளி காலை. சாமி சுடலைமணியைக் கூப்பிட்டார்.

"ஜீப்பை எடுத்துட்டு டவுனுக்குப் போ. ஸ்டெப்னி டயருக்குப் பஞ்சர் ஒட்டிட்டு வா. சாயங்காலம் வந்தாப் போதும்."

சுடலைமணி வெயிலைப் பார்த்தான். வண்டியின் இடப்பக்கத்தைப் பார்த்தான். மெழுகு டப்பாவைப் பார்த்தான்.

"நாளைக்குப் போறேனே சாமி. இன்னைக்கு வேண்டாமே."

"போ."

போனான்.

"கவனிச்சீங்களா?" என்றார் வைகுண்டம். "டப்பாவை விட்டுப் போக மனசில்ல பயலுக்கு."

இடப்பக்கத்தைக் கழுவினார். ஈரம் துடைத்தார். மெழுகு தேய்த்தார். கையைக் கழுவிக்கொண்டார்.

"துடைக்கலையா?" என்றார் சாமி.

"ஊறணும் சாமி. ஊறினாத்தான் பளபளப்பு. அவன் தேச்ச கையோட துடைக்கான், அவசரக்காரன். என் பக்கம் எப்படி மினுங்குதுன்னு நீங்களும் பாக்கீங்கள்லா?"

"பாக்கேன்."

வெயில் ஏறியது. சாமி கண்ணை மூடியிருந்தார். வைகுண்டம் அன்றைக்குப் படுக்கவில்லை. உள்ளே போய் சுடலைமணியின் பையை அவிழ்த்தார். இரண்டு சட்டை. ஒரு சீப்பு. சிறையில் கொடுத்த விடுதலைச் சீட்டு. அடியில் மூன்று துணிகள். மெழுகு காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்திருந்தன.

டிக்கெட் இல்லாமல் ரயில் கழிவறைக்குள் ஒளிந்தவனைப் பிடித்த குஷியோடு வெளியே வந்தார்.

"சாமி! மூணு துணி. மூணு வாரத்துக்கு மூணு. டப்பாவிலேருந்து வழிச்சு எடுத்ததுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"சரி. உம்ம பக்கத்தைத் துடையும். பெறகு பேசலாம்."

துடைத்தார். மெழுகு வரவில்லை.

அழுத்தித் துடைத்தார். வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் விட்டார். அசையவில்லை. நகத்தால் சுரண்டினார். நகம்தான் போயிற்று. சட்டை நனைந்துவிட்டது. பொழுதும் சாய்ந்துவிட்டது. இடப்பக்கம் முழுக்க சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி கிடந்தது.

"இதென்ன சாமி? போன வாரமெல்லாம் எந்திரிச்சு வந்தா கண்ணாடியா இருந்துச்சே."

"இருந்துச்சு."

"அவன் எதையோ கலந்துட்டான் சாமி. அதான் போகமாட்டேன்னு மழுப்பினான்."

சாமி எழுந்தார். டப்பாவிலிருந்து கொஞ்சம் புது மெழுகை விரலில் எடுத்தார். காய்ந்த திட்டு ஒன்றின் மேல் தடவினார். தடவிய உடனே துண்டின் நுனியால் துடைத்தார். திட்டு இல்லை. அந்த இடத்தில் வைகுண்டத்தின் முகம் தெரிந்தது.

"காஞ்ச மெழுகு தண்ணிக்கு வராது. புது மெழுகுக்குத்தான் வரும்."

வைகுண்டம் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். போன வாரம் கிழித்த கோடு இருந்தது.

"இந்தப் பக்கம் முழுக்க எடுக்க எவ்வளவு மெழுகு புடிக்கும் சாமி?"

"ஒரு விரல்."

வைகுண்டம் கையிலிருந்த துணிகளைப் பார்த்தார். மூன்று. மறுபடியும் எண்ணினார். மூன்றுதான்.

"போன வெள்ளி?"

"இப்படித்தான் கிடந்துச்சு."

"அதுக்கு முந்தின வெள்ளி?"

"அப்பவும்."

வைகுண்டம் துணிகளை ஒவ்வொன்றாய் மடித்தார். மடிப்பு நிற்கவில்லை.

"வேலையைக் கெடுத்தவன் மூட்டையைக் கட்டணும். உங்க விதி."

"ஆமா."

"மூணு வாரம் கெடுத்திருக்கேன். ஏன் என்னை அனுப்பல?"

"வண்டி கெடலையே."

"நான் தூங்கும்போது யாரு துடைச்சது?"

உப்பளச் சாலையில் ஜீப் சத்தம் கேட்டது.

"சுடலைமணி," என்றார் சாமி.