பூவலிங்கத்தின் இடது செருப்பு

அந்தக் காலத்தில் நாய்க்குப் பேச்சு உண்டு. ஆடு, மாடு, கோழி எல்லாம்தான் பேசின. ஆனால் அவை கேட்டதற்குப் பதில் சொல்லும், அதோடு சரி. நாய் இருக்கிறதே, அதற்கு வாய் ஓயாது. வந்தவரை யாரென்று விசாரிக்கும், போனவரைப் பற்றிப் புறணி பேசும், நம் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று அடுத்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வரும்.

மனிதர்களுக்கோ வேறொரு வழக்கம். விருந்தாளி எழுந்து "வாரேன்" என்றால் சொன்னதுதான். செருப்பை மாட்டுவார், நடையைக் கட்டுவார். வாசலில் நின்று பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன மரியாதையோ போங்கள்!

மாடத்தி என்ற பெண்ணின் வீட்டில் செவலை என்றொரு நாய் இருந்தது. கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோது அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. அதற்கு முதல் பால்சோறு ஊட்டியது அவளுடைய அண்ணன் பூவலிங்கம். அதனால் செவலைக்கு அண்ணனும் தங்கையும் இரண்டு கண்கள்.

அந்த இரண்டு கண்ணும் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன. எல்லாம் மாடத்தியின் மூத்த மகனுக்குக் காது குத்தியபோது வந்த வினை. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? பூவலிங்கம் வந்துசேர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் தப்பிவிடும் என்று, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்த பூவலிங்கம் அதைப் பார்த்தார். கொண்டுவந்த சீர்த்தட்டை இறக்கி வைத்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

இப்போது வருகிற வைகாசியில் சின்னவளுக்குக் காதுகுத்து. இந்த முறையும் அவர் மடி இல்லையென்றால் அந்த உறவு அற்றே போய்விடும். இது மாடத்திக்குத் தெரியும், பூவலிங்கத்துக்கும் தெரியும். செவலைக்குத் தெரியாமல் இருக்குமா?

பங்குனி மாதத்தில் ஒரு நாள் உச்சி நேரம். பூவலிங்கம் வந்து நின்றார்.

"சந்தைக்குப் போனேன். வழிதானேன்னு எட்டிப் பாத்தேன்" என்றார். சந்தை இருந்தது நேர் எதிர்த்திசையில்.

"வாங்கண்ணே" என்று மாடத்தி பாயை விரித்தாள். மோர் கொடுத்தாள்.

"மழை உண்டுமா?"

"இல்லண்ணே."

"மாடு கறக்கா?"

"கறக்குண்ணே."

பிறகு மறுபடியும் மழைப் பேச்சு. கூப்பிடுவாளா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் வருவாரா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செவலைக்குப் பொறுக்கவில்லை.

"அட, ரெண்டு பேரும் இல்லாத மழையையே பேசுதீங்களே! அண்ணாச்சி, இவ உங்களை நினைச்சுத் தினமும் அழுதா. மாடத்தி, நீ வாயைத் திறந்து கூப்பிடேன்!"

செவலை நல்லதுக்குத்தான் சொன்னது. ஆனால் மாடத்திக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, தலையைக் குனிந்துகொண்டாள். பூவலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் தங்கச்சி மனசை நாய் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிடணுமாக்கும்? நல்லாருக்கு!" என்று எழுந்துவிட்டார். "வாரேன்."

செவலை துள்ளி எழுந்தது. இன்றைக்குப் போனால் இந்த மனுஷன் இனி இந்தப் படி மிதிக்கமாட்டார். பாழாய்ப்போன வாய், கூட இரண்டு வார்த்தை பேசினால் இன்னும் கெடுக்கும். என்ன செய்வது? ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடியது. பூவலிங்கத்தின் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது. இரண்டையும் கவ்வத்தான் நினைத்தது, வாய் கொள்ளவில்லை.

பூவலிங்கம் வெளியே வந்தார். ஒற்றைச் செருப்புத்தான் கிடந்தது.

"ஏ செவலை, என் செருப்பைப் பாத்தியா?"

பதில் இல்லை. வாய் திறந்தால் செருப்பு விழுந்துவிடும். செவலை பிறந்ததிலிருந்து முதல்தடவையாகப் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

மாடத்தி வெளியே ஓடிவந்தாள். சுடுமண்ணில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அண்ணனைப் பார்த்தாள்.

"ஐயோ, கால் வெந்துபோகும். இந்த நிழலுக்கு வாங்கண்ணே."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் அங்கும் இங்கும் தேடுவதுபோல் பார்த்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தபோது வராத பேச்சு, செருப்பைத் தேடுகிற சாக்கில் வந்தது.

"அன்னைக்கும் செருப்பில்லாமத்தான் வந்தேன்" என்றார், மண்ணைப் பார்த்தபடி. "ஆத்துல வெள்ளம். சீர்த்தட்டைத் தலையில வச்சு நீந்தினேன். செருப்பு ஆத்தோட போயிட்டுது."

மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள். "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை? நல்ல நேரம் முடியப்போற வரைக்கும் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நான் தெருமுனையிலேயே நின்னேன். பிடுங்கிட்டுப் போயித்தான் குத்தினாங்க."

"நீ நின்னியா?"

"நின்னேண்ணே. வைகாசியில சின்னவளுக்கு. உங்க மடி இல்லாம அவ காதுல ஊசி படாது. சொல்லிட்டேன்."

பூவலிங்கம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இதைக் கேக்கத்தான் தாயி வந்தேன். சந்தையாவது மண்ணாவது!"

பிறகு அந்த வாசலில் என்னதான் பேசவில்லை! செத்துப்போன அம்மா, ஒன்றுவிட்ட அண்ணனின் திமிர், குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதுவரை வந்துவிட்டார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது.

வைக்கோல் போருக்குப் பின்னால் செவலைக்கு நாக்கு துடித்தது. "நான்தான்! என்னாலதான்!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் செருப்பு கிடைக்கும், பேச்சு முடியும். அதனால் அந்த ஆசையைச் செருப்போடு சேர்த்துக் கடித்துக்கொண்டது. சாயங்காலம் அதைக் கண்டுபிடித்தபோது வார் முழுக்கப் போய்விட்டிருந்தது.

"அடப்பாவி, நீயா?" என்றார் பூவலிங்கம். செவலை பதில் சொல்ல வாயைத் திறந்தது. தான் பேசியபோது உறவு உடைந்ததும் வாயை மூடியபோது கூடியதும் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டது. வாலை மட்டும் ஆட்டியது. அவருக்கு அது போதுமாயிருந்தது.

அன்று முதல்தான் நாய்க்குப் பேச்சு இல்லாமல் போனது. நாமும், உள்ளே எத்தனை நாழிகை உட்கார்ந்திருந்தாலும், சொல்ல வந்ததை "வாரேன்" என்று எழுந்து வாசலுக்கு வந்தபிறகுதான் சொல்கிறோம். விருந்தாளியின் செருப்பில் ஒன்றைக் காணோம் என்றால் நாயை ஏசாதீர்கள். அது இன்னும் அவரிடம் சொல்லாத பேச்சு ஏதோ பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறது.