கைவிலங்குக்குப் பிறகு ஓர் அத்தியாயம்

பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடையின் மாடி அறையில் உட்கார்ந்து எஸ்தர் ஜெபமணி கொலை நாவல்கள் எழுதி வந்தார். பஸ் நிலையக் கடைகளில் மாதம் ஒன்று தொங்கும். ஈவிரக்கமில்லாத எழுத்து என்று பெயர். அவருடைய துப்பறிவாளன் தாசன் யாரையும் நம்பமாட்டான். அடி வாங்குவான், திருப்பி அடிப்பான்.

அவரிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர் சங்கரபாண்டியன், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். எஸ்தரைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஆனாலும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் கேட்டார்.

“கொலைகாரனுக்கு விலங்கு மாட்டியாச்சு. கதை முடிஞ்சுது. அதுக்குப் பிறகும் தாசன் செத்தவங்க வீட்டுக்குப் போயி உக்காருதான். எல்லா நாவல்லயும் இப்படித்தான். அந்த அத்தியாயம் எதுக்கு டீச்சர்?”

“நல்லா இல்லையா அண்ணாச்சி?”

“வேகம் குறையுது. என் சர்வீஸ்ல எந்த போலீஸ்காரனும் அப்படிப் போனதில்ல.”

“உங்க கதையில?”

“விலங்கோட முடிச்சுட்டேன்.”

எஸ்தர் பேனாவை மூடினார். “செருப்பைப் போடுங்க. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்.”

டவுன் பஸ்ஸில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கினார்கள். வாசலில் பேச்சியம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டப் போன இடத்தில் அவருடைய மகனை யாரோ கொன்றுவிட்டார்கள். அது நடந்து பல வருஷம் ஆகிறது.

“வா தாயி” என்று பாயை விரித்தார்.

“இந்த மாசத்து புக்கு படிச்சாச்சா?” என்றார் எஸ்தர்.

“கடைசில உள்ளதை மட்டும் மக வாசிச்சுக் காட்டுனா. வெட்டுக்குத்து நமக்கு எதுக்கு? அந்தத் தாசன் தாய்க்காரி பக்கத்துல உக்காந்து, உம்பிள்ளைக்கு இப்படி நடந்துச்சும்மான்னு சொல்லுதாம்லா. அதை ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னேன்.” பிறகு சங்கரபாண்டியனைப் பார்த்தார். “இவுக யாரு?”

“போலீஸ்ல இருந்தவங்க.”

பேச்சியம்மாளின் கை நின்றது.

“எம்மவன் கேஸு முடிஞ்சுட்டுன்னு பேப்பர் பாத்த ஆளுக சொல்லித்தான் கேட்டேன் ஐயா. ஸ்டேசன்ல இருந்து ஒருத்தரும் வரல.”

குரலில் கோபம் இல்லை. எழுந்துபோய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். சங்கரபாண்டியன் தலை குனிந்தபடியே குடித்தார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சொன்னார்.

“அது என் ஸ்டேஷன் கேஸ் இல்ல டீச்சர்.”

“தெரியும் அண்ணாச்சி.”

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. எஸ்தரும் ஏறவில்லை.

“என் கதையில ஒரு பொண்ணு சாகுதால்லா. அது நெசமாவே நடந்தது. கொன்னவனைச் சீக்கிரமே பிடிச்சுட்டேன். மெடல் குடுத்தாங்க. அவ அப்பா தினமும் ஸ்டேஷன் வாசல்ல வந்து நிப்பாரு. என்னைக் கண்டா கும்பிடுவாரு. நான் ஜீப்ல ஏறிப் போயிருவேன்.”

“இருக்காரா?”

“இருக்காருன்னுதான் கேள்வி.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத்தனை வருஷம் கழிச்சுப் போயி என்னத்தச் சொல்ல டீச்சர்?”

எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எந்த பஸ்ல போகணும்னு சொல்லுங்க. நானும் கூட வாரேன்.”