தாண்டிப் போன இலை

"விக்கவா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று கேட்டபடியேதான் அழகுமலை மடத்துக்குள் நுழைந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

வடிவம்மா கூடத்தில் உட்கார்ந்து வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மடத்துக்கு அவர்தான் குரு. அழகுமலையைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் ஒரு அதட்டல் போட்டால் அழகுமலைக்கு இன்றைக்கும் வாய் குழறும். மடம் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஞாயிறு மதியம் வருகிறவர்கள் எல்லோருக்கும் அங்கே சாப்பாடு உண்டு.

"எதை விக்கிறது?"

அழகுமலை கொட்டித் தீர்த்தார். இணையத்தில் அவர் நடத்துகிற கடைக்குப் பெயர் பம்பரம். கணினி விளையாட்டுகள் விற்கும் கடை. 'தீவட்டி' என்று புதிதாக ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. பையன்கள் அதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள். மற்ற கடைகளில் எல்லாம் கிடைக்கிறது, பம்பரத்தில் மட்டும் கிடையாது. அழகுமலை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாடிக்கையாளர்கள் அவரை வறுத்தெடுக்கிறார்கள்.

"படிக்கிறேன், கேளுங்க" என்று கைபேசியை எடுத்தார். "'நான் எதை விளையாடணும்னு சொல்ல நீ யாருடா?' இது ஒண்ணு. 'போட்டிக் கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டான்.' இது இன்னொண்ணு. இது போதாதுன்னு கடையில இருக்கிற மத்த விளையாட்டுக்கெல்லாம் ஒத்தை நட்சத்திரம் போட்டுட்டுப் போறானுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு அ ஆ சொல்லிக்குடுக்கிற விளையாட்டும்மா, அதுக்கும் ஒத்தை நட்சத்திரம். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

இந்தக் காலத்துக் கோபத்தில் அப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது. எழுந்து போய்ச் சண்டை போட வேண்டாம், படுத்த இடத்திலிருந்தே ஒருவனைக் கதற வைக்கலாம்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"திட்டினவனையெல்லாம் கடைக்குள்ள வர விடாம தடுத்தேன். வேற பேர்ல வந்து திட்டுறானுங்க. என் கூட்டாளி இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பாராம். தீவட்டியை ஏத்து, இல்லைன்னா நான் விலகிக்கிறேன்கிறார். அவர் விலகினா கடையை மூடிட வேண்டியதுதான்."

"ஏன் விக்க மாட்டேன்னு கேட்டவங்களுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"'இந்த விளையாட்டு எங்கள் கொள்கைக்குப் பொருந்தவில்லை.' எல்லாருக்கும் அதே பதில்தான். கடைக்காரன் அதுக்கு மேல எதுக்குச் சொல்லணும்?"

வடிவம்மா இலைகளை அள்ளிக்கொண்டு எழுந்தார். "பந்தி போடப் போறாங்க. போய் உட்காருங்க."

அழகுமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை போகிற காரியத்தைச் சொன்னால் சோறு போடுகிறாராம். முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

சோற்று வாளியோடு வடிவம்மாவே வந்தார். பக்கத்து இலையில் சோறு விழுந்தது. வாளி அழகுமலையின் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனது. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு சாம்பார் வந்தது, தாண்டிப் போனது. கூட்டும் அப்படியே போனது.

பந்தியில் ஒருவரின் இலையைத் தாண்டிப் போனால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து ஆள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அழகுமலையை ஏற இறங்கப் பார்த்தார். எதிர் வரிசையில் இரண்டு பெண்கள் கிசுகிசுத்தார்கள்.

"குடிச்சிட்டு வந்திருப்பாரோ?"

"உண்டியல்ல கை வச்ச ஆளா இருக்கும்."

அழகுமலையின் காது சுட்டது.

"அம்மா, எனக்கு?"

"உங்களுக்கு இல்லை."

"ஏன்?"

"மடத்தின் கொள்கைக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டு வடிவம்மா ரசத்தோடு நகர்ந்தார்.

அழகுமலை இலையைச் சுருட்டி வீசிவிட்டு எழுந்தார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் எழுந்திருப்பார்கள்.

"என்னம்மா கொள்கை? இத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடன் மாதிரி உட்கார வச்சிட்டு, காரணம்கூடச் சொல்லாம போறீங்க. நான் அவ்வளவு இளப்பமாப் போயிட்டேனா? என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. நியாயமா இருந்தா நானே எழுந்து போயிடுறேன்."

"நீங்க சொன்னீங்களா?"

அழகுமலைக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை. கன்னத்தில் அறை வாங்கியவனைப் போல நின்றார்.

"என்கிட்ட காரணம் இருக்கு" என்றார்.

"என்ன காரணம்?"

"அந்த விளையாட்டுல ஆள் சேர்த்துக்கிட்டு ராத்திரியில போகணும். ஊருக்கு வெளியில இருக்கிற குடிசைங்களைக் கொளுத்தணும். உள்ள படுத்திருக்கிறவங்க முழிக்கிறதுக்கு முன்னாடி கொளுத்திட்டா கூடுதல் புள்ளி." வாளியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார். "எங்க குடிசையைக் கொளுத்தின அன்னிக்கு நான் முழிச்சுக்கிட்டேன். என் தங்கச்சி முழிக்கலை."

பந்தியில் ஒருவர் கையும் அசையவில்லை. கிசுகிசுத்த பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

வடிவம்மா வாளியைக் கீழே வைத்தார். அவருக்கும் இது தெரியாது. இத்தனை வருடமாக மடத்துக்கு வருகிற மனிதர், ஒரு நாளும் சொன்னதில்லை. உள்ளே போய்ப் புதிய இலை ஒன்றை எடுத்து வந்து அவர் இடத்தில் போட்டார். அழகுமலை உட்காரவில்லை.

"இதை ஏன் அவங்களுக்கு எழுதலை?"

"எழுதினா என்ன ஆகும்? பாதிப் பேர் ஐயோ பாவம்னு சொல்லுவான், மீதிப் பேர் சிரிப்பான். நான் எந்த ஊர், எந்தத் தெருன்னு நோண்டுவான். அந்தத் தெருப் பேரைச் சொல்லியே திட்டுவான். கடைசியில இப்பவும் திட்டுதான், அப்பவும் திட்டுதான்."

"திட்டட்டும்" என்றார் வடிவம்மா. "யாரைத் திட்டுறோம்னு தெரிஞ்சு திட்டட்டும்."