சேற்று வேட்டி காய்ந்த ராஜவீதி

கொழுந்தூர் ராஜாவுக்கு அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபமா? முன்னால் வைத்த நெய்ப் பணியாரத்தையே தள்ளி வைத்த கோபம்! அரண்மனையே ஆடிப்போய்விட்டது.

எல்லாம் கண்மாயால் வந்த வினை. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும், அது ஊர் வழக்கம். அந்த வருஷம் ஓர் ஈ காக்காகூட வரவில்லை. வண்டல் மேடுதட்டிக் கிடந்தது. இப்படியே விட்டால் தண்ணீர் நிற்காது, நெல் விளையாது. அப்புறம் பணியாரத்துக்கு எங்கே போவது?

"தினமும் தண்டோரா போடறேனே! 'இன்னைக்கும் ஒருத்தரும் வரலை, வெட்கம், வெட்கம்'னு தொண்டை கிழியக் கத்தறாங்களே! அப்படியும் வரலையே!" என்று ராஜா கர்ஜித்தார்.

"சாட்டையை எடுங்க, மகாராஜா" என்றார் பிரதானி அரியப்பர். அவருக்கு எல்லாவற்றுக்கும் சாட்டைதான் மருந்து. தலைவலிக்குக்கூட.

அரசவை விகடகவி உலகமுத்து வாயைப் பொத்தியும் 'களுக்'கென்று சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடா சிரிப்பு?"

"ஒருத்தரும் வரலைன்னு நாமளே ஊரைக் கூட்டிச் சொன்னா, கேக்கறவன் என்ன நினைப்பான், மகாராஜா? 'நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?'ன்னு திரும்பிப் படுத்துக்குவான்."

"ஓகோ! அப்ப நீயே வரவழைச்சுக் காட்டு. சாட்டை கூடாது, கூலி கூடாது, கட்டளையும் கூடாது. மழைக்குள்ள கண்மாய் தூர்வாரலைன்னா உன் மீசை போச்சு!"

உலகமுத்து சட்டென்று மீசையைப் பொத்திக்கொண்டான். எண்ணெய் விட்டு வளர்த்த மீசை! அதைப் பார்த்துத்தான் அவன் பெண்டாட்டியே தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். அதுவும் போனால் வீட்டில் என்ன மதிப்பு?

முதல் வேலையாகத் தண்டோராவை நிறுத்தினான். அடுத்து சலவைத்துறைக்கு ஓடினான்.

"மருதப்பண்ணே, அரண்மனைப் பழைய வேட்டியெல்லாம் கண்மாய்ச் சேத்துல புரட்டி, ராஜவீதி நெடுகக் காயப்போடுங்க."

"புத்தி பிசகிடுச்சா சாமி? நான் துவைச்சதை நானே அழுக்காக்கவா?"

"என் மீசையைக் காப்பாத்துங்கண்ணே!"

பாவம், அவன் கெஞ்சிய கெஞ்சலில் மருதப்பன் மனசு இளகிவிட்டது.

மறுநாள் ஊர் விழித்துப் பார்த்தால், வீதி முழுக்கக் கருஞ்சேற்று வேட்டிகள்!

"கண்மாய்ல இறங்கினவங்க வேட்டிடா! மேலத்தெருக்காரங்க முந்திக்கிட்டாங்க" என்றது கீழத்தெரு. "கீழத்தெரு நம்மளை ஏமாத்திடுச்சே!" என்று பதறியது மேலத்தெரு. வெள்ளை வேட்டியோடு வெளியே வரவே எல்லோருக்கும் கூச்சம்.

சில கெட்டிக்காரர்கள் கொல்லைப்புறத்து மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். ஊர் மண் சிவப்பு, கண்மாய் வண்டல் கறுப்பு என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று.

"என்ன மாமா, செங்கல் சூளையிலயா தூர்வாரினீங்க?" என்று பெண்கள் கேலி பண்ண, அசடு வழிந்துகொண்டே மண்வெட்டியைத் தேடி ஓடினார்கள். கண்மாயில் திருவிழாக் கூட்டம்!

அந்தப்புரத்தில் ராஜாவுக்கும் நிம்மதி இல்லை. "ஊரே சேறும் சகதியுமா வருது. உங்க பட்டு மட்டும் மடிப்புக் கலையலையே!" என்று ராணி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவ்வளவுதான், ராஜாவும் பட்டை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாயில் குதித்தார். அங்கே இடுப்பளவு சேற்றில் கூடை சுமந்துகொண்டிருந்தார் சாட்டை அரியப்பர்!

"யோவ், நீருமா?"

"நான் ஒருத்தன்தான் பாக்கின்னு நினைச்சேன், மகாராஜா."

மேகம் திரள்வதற்குள் தூர் முழுக்க வாரியாகிவிட்டது. ராஜா சேறு சொட்டச் சொட்டக் கரையேறினார்.

"மீசை தப்பிச்சது, உலகமுத்து! சரி, முதல்ல இறங்கின உத்தமன் யாரு? என் முத்துமாலையை அவனுக்குப் போடணும்."

"அவனைத் தேடிப் பிடிச்சுக் கேட்டேன், மகாராஜா. 'ஐயோ, நான்தான் கடைசியா வந்தேன், மன்னிச்சிடுங்க'ன்னு கால்ல விழறான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி உலகமுத்து கழுத்திலேயே போட்டார். போட்ட கையோடு அவனுடைய பளபளப்பான வெள்ளை வேட்டி அவர் கண்ணில் பட்டது. விட்டாரே ஒரு தள்ளு! தொபுக்கடீர்!

மருதப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "போச்சு! இதையும் நான்தானே துவைக்கணும்!"