மூன்று ஜாடி, இரண்டு கிணறு

சாயப்பட்டறையை மூடிய பிறகும் அதன் இருபுறமும் இருந்த பொதுக்கிணறுகளின் பூட்டைத் திறக்கவில்லை. மண்ணில் ஊறிய நஞ்சு மழைநீரில் கரைந்து கிணற்றுக்குள் இறங்கியிருக்குமோ என்று பயம். கோடைக்குள் ஒரு கிணற்றையாவது திறந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துத்தான் சம்பூர்ணம் வார்டு உறுப்பினர் ஆனாள். அதனால் மண் சோதனையின் முடிவு தெரியும் நாளில் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அவளே போய் நின்றாள்.

மேசையில் மூன்று ஜாடிகள். கிழக்குக் கிணற்றோரம் எரு மக்கிய கறுப்பு மண். அதை மூடிய புட்டியில் ஒரு நாள் குலுக்கி வடித்த நீர் முதல் ஜாடியில். மேற்குப் பக்கம் வெறும் சரளை. அதையும் அப்படியே குலுக்கி வடித்த நீர் இரண்டாவதில். மூன்றாவதில் ஒப்பிட்டுப் பார்க்க, மண் சேராமல் அதேபோல் குலுக்கிய வெறும் நீர். மூன்றிலும் கடுகளவு நீர்ப்பூச்சிகளை விட்டிருந்தார்கள். நஞ்சு இருந்தால் அவை தாங்காது.

கிழக்கு ஜாடியில் எல்லாம் துள்ளின. மேற்கில் எல்லாம் செத்துக் கிடந்தன. வெறும் நீரிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"ஏங்கண்ணு, சும்மா தண்ணிக்கே செத்துப்போனா இதுகளை வெச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கறது?" என்றாள் சம்பூர்ணம்.

சோதனை செய்த மெர்லின் தலை நிமிரவில்லை. "எப்பவும் குழாய்த் தண்ணிய ஒரு நாள் திறந்து வெச்சுட்டுத்தான் எடுப்பேன்க்கா. நீங்க அவசரப்படுத்தினீங்க, குழாயில வந்ததும் வராததுமாப் பிடிச்சுட்டேன். மூணுக்கும் அதே தண்ணிதான்."

"பழி எம்மேலயா? நல்லாருக்குது."

பேராசிரியர் இளம்பரிதி குறுக்கிட்டார். "வெறும் தண்ணியே கொன்னா சோதனை செல்லாதுங்க. மூணையும் கொட்டிட்டு முதல்ல இருந்து பார்க்கணும்."

"துள்றது கண்ணுக்குத் தெரியலீங்களா? கிழக்கால மண்ணு நல்ல மண்ணு. மேக்கால மண்ணு நஞ்சு. அவ்வளவுதான்," என்றாள் சம்பூர்ணம்.

"கிழக்கை நம்பலாம் சார். மேற்கை மட்டும் மறுபடி பார்க்கணும்," என்றாள் மெர்லின்.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் யார் சொன்னது சரி? வெறும் நீரில் பூச்சிகளைக் கொன்றது எது? கிழக்கு ஜாடியில் அது எங்கே போயிற்று?

விடை: மெர்லின் சொன்னதே சரி. கொன்றது குழாய்நீரில் கலக்கும் குளோரின். மக்கிய எரு அதைத் தின்று தீர்த்துவிடும், சரளையால் முடியாது. ஆகவே கிழக்கு நீரில் உடனே கொல்லும் நஞ்சு இல்லை. மேற்கில் கொன்றது மண்ணா, குளோரினா என்பது இன்னும் தெரியாது. கிழக்குக் கிணற்றின் நீரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று இளம்பரிதி ஒப்புக்கொண்டார். மேற்குக்காக மெர்லின் ஒரு வாளி நீரைப் பிடித்து, குளோரின் பறந்துபோகத் திறந்து வைத்தாள். சம்பூர்ணம் அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு வரைக்கும் ஆறட்டும் கண்ணு. நான் வாயே திறக்கல."