தலையோடு விற்ற கிழங்கு

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், மழை ஓய்ந்து கூதல் காற்று வீசத் தொடங்கியதும் சந்தை கூடும். ஆற்றங்கரைப் புங்கமரத்தடிதான் இடம். அணில் நெல்லிக்காய் கொண்டுவரும். கரடி தேனடை கொண்டுவரும். மயில் உதிர்ந்த தினையைக் கூட்டிச் சேர்த்துக் கொண்டுவரும். சீத்தாப்பழ வாசனை அக்கரைவரை போகும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கி, நின்ற இடத்திலேயே பாதியைத் தின்றுவிட்டுத்தான் எல்லாரும் வீடு திரும்புவார்கள். காட்டுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, குழந்தைகளே.

ஆனால் சீத்தாவும் நெல்லியும் எத்தனை நாளைக்கு? கோடையில் மரமெல்லாம் மொட்டையாகிவிடும். அப்போது காட்டின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது வள்ளிக்கிழங்குதான். சந்தையில் வாங்கி மணலில் புதைத்து வைத்தால் அடுத்த மழைவரை அது கெடாது.

கிழங்கு தோண்டுவது முள்ளம்பன்றியின் வேலை. அது நல்ல பொறுமைசாலி. தோண்டிய ஒவ்வொரு கிழங்கிலும் கொடியோடு ஒட்டியிருக்கும் தலைப்பக்கத்தைக் கடித்துத் துண்டாக்கி, அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடும். அந்தத் தலையிலிருந்துதான் அடுத்த மழைக்குக் கொடி கிளம்பும்.

அதனால் அந்தச் சந்தையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தலையுள்ள கிழங்கை யாரும் விற்கக் கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. குட்டிகளுக்குக்கூட இது தெரியும்.

ஓர் ஆண்டு காட்டுப்பன்றியும் கிழங்குக் கடை போட்டது. அதற்கு எதிலும் அவசரம். மூக்கால் ஒரு முட்டு முட்டினால் கிழங்கு முழுசாக மேலே வந்துவிடும். தலையைக் கடிப்பதற்கும் குழியை மூடுவதற்கும் அதற்கு ஏது நேரம்? அதன் குவியல் ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் முள்ளம்பன்றியின் குவியல் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

அப்போது மந்தி ஒன்று வந்தது. பிறந்து சில நாளே ஆன குட்டி அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கியது. பேரம் பேசாமல் மந்தி எதையும் வாங்கியதில்லை.

"என்ன அண்ணே, கிழங்கு எப்படித் தருகிறீர்கள்?"

"ஒரு கை நெல்லிக்காய் கொடு தங்கச்சி. தூக்க முடிந்த அளவு எடுத்துக்கொள்" என்றது காட்டுப்பன்றி.

"தூக்க முடிந்த அளவா? முள்ளம்பன்றி அண்ணன் ஒரே ஒரு கிழங்குதான் தருகிறார்!"

"அவருக்குப் பாதி நாள் குழி மூடவே போய்விடுகிறது. பிறகு எங்கே விற்க?"

மந்தி சிரித்துக்கொண்டே ஒரு கிழங்கைப் புரட்டியது. தலை அப்படியே இருந்தது. கொடியின் நுனிகூட ஒட்டிக்கொண்டிருந்தது. மந்தியின் சிரிப்பு நின்றது.

"இதில் தலை இருக்கிறதே, அண்ணே?"

"பிடுங்கியாயிற்று. நீ வாங்காவிட்டால் மட்டும் அது மறுபடி மண்ணுக்குள் போய்விடுமா?"

அந்தப் பேச்சு மந்திக்கு வசதியாக இருந்தது. இது தப்பு என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை கிழங்கை விடவில்லை.

பக்கத்துக் கடையிலிருந்து முள்ளம்பன்றி பார்த்துவிட்டது. "வேண்டாம் தங்கச்சி. அடுத்த வருஷம் உன் குட்டி தின்ன வேண்டியது அது" என்றது.

"குட்டிக்குப் பால் வேண்டும் என்றுதான் வாங்குகிறேன். நான் ஒருத்தி வாங்குவதால் மலை காலியாகிவிடுமா, அண்ணே?" என்று சொல்லிவிட்டு, மந்தி இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டது.

இதையெல்லாம் கரடி பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வயிறுதான் எல்லாம். "மந்தியே வாங்கிவிட்டது. நான் மட்டும் ஏமாளியா?" என்று தேனடையோடு ஓடிவந்தது. கரடியைப் பார்த்து மான் வந்தது. மானைப் பார்த்து முயல் வந்தது. பொழுது சாய்வதற்குள் காட்டுப்பன்றியின் கடை காலி. இவ்வளவு கிராக்கியைப் பார்த்த பன்றி சும்மா இருக்குமா? அடுத்த சில நாளில், சந்தை கலைவதற்குள், முள்ளம்பன்றி மூடிய குழிகளைக்கூட விடாமல் மலைச்சரிவு முழுவதையும் முட்டித் தள்ளிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழங்கின் தலை வெறும் நார். வாயில் வைக்க முடியாது. வாங்கியவர்கள் எல்லாரும் அதைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் மீதியைத் தின்றார்கள். புங்கமரத்தடியில் தலைகள் வெயிலில் காய்ந்து கிடந்தன. முள்ளம்பன்றி மட்டும் குனிந்து குனிந்து, உயிர் இருப்பதாகத் தோன்றிய தலைகளைப் பொறுக்கிக்கொண்டு போனது. கரடி அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தது.

அந்தக் கோடையில் காட்டில் யாருக்கும் பசி இல்லை. மந்தியின் குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது.

பிறகு மழை வந்தது. நன்றாகவே பெய்தது. ஆனால் சரிவில் ஒரு கொடிகூடக் கிளம்பவில்லை. மண் வெறுமனே நனைந்து கிடந்தது. அந்த ஆண்டுச் சந்தையில் சீத்தாப்பழம் இருந்தது, நெல்லி இருந்தது, தேன் இருந்தது. கிழங்கு இல்லை. புதைத்து வைக்க ஒன்றும் இல்லாமல் எல்லாரும் வீடு திரும்பினார்கள்.

கோடை வந்தது. மந்திக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி மரப்பட்டையை நக்கிப் பார்த்தது. காய்ந்த இலையை மென்று துப்பியது. ஒருநாள் மத்தியானம் அம்மாவின் வயிற்றைப் பிடித்திருந்த அதன் கை தளர்ந்துவிட்டது. குட்டி தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு மந்தி அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தது. யார் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் ஆற்றங்கரைப் பாறை ஓரமாக அதைக் கிடத்திவிட்டு வந்தது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, குழந்தைகளே. ஆனால் நடந்ததை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் கரடி ஓடிவந்து கத்தியது. "மலைக்குப் பின்னால் கிழங்கு இருக்கிறது! முள்ளம்பன்றி ஒளித்து வைத்திருக்கிறது!"

எல்லாரும் அங்கே ஓடினார்கள். பாறைகளுக்கு நடுவே சிறிய இடம். பொறுக்கிக்கொண்டு போன தலைகளை முள்ளம்பன்றி அங்கேதான் நட்டிருந்தது. பல செத்துவிட்டன. சில மட்டும் பிழைத்திருந்தன. முள்ளம்பன்றி முட்களை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"நான் ஒளிக்கவில்லை. இவை விரல் தடிமன்கூட இல்லை. எல்லாம் தலைதான். ஆளுக்கு ஒரு வாய்கூட வராது."

"அந்த ஒரு வாயாவது வரட்டும். வழிவிடு!" என்று கரடி உறுமியது. பிறகு காட்டுப்பன்றியின் பக்கம் திரும்பியது. "எல்லாம் இதனால் வந்த வினை. முதலில் இதை அடித்துத் துரத்துவோம். பிறகு தோண்டுவோம்."

"அடிப்போம்! துரத்துவோம்!" என்று எல்லாரும் கத்தினார்கள். எலும்பும் தோலுமாக நின்ற காட்டுப்பன்றி தலையைக் கவிழ்த்துக்கொண்டது.

அப்போது மந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. அதன் கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

"பன்றி விற்றது. வாங்கியது யார்?" என்று கேட்டது.

கரடி மானைப் பார்த்தது. மான் முயலைப் பார்த்தது.

"முதலில் வாங்கியவள் நான். தலையைப் பார்த்தேன். தெரிந்துதான் வாங்கினேன். குட்டிக்காக என்று சொல்லிக்கொண்டேன். இப்போது என் குட்டி எங்கே?"

மந்தி தன் வெறும் கைகளை விரித்துக் காட்டியது. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது.

"உங்கள் குட்டிகள் இன்னும் உங்களோடு இருக்கின்றன. இதைத் தோண்டினால் இன்றைக்கு ஒரு வாய் கிடைக்கும். அடுத்த கோடையில் அவை எங்கே இருக்கும்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தோண்டுங்கள்."

கரடி தன் முதுகில் இருந்த குட்டியைத் திரும்பிப் பார்த்தது. தூக்கிய கையைக் கீழே போட்டது. மான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. ஒவ்வொருவராகச் சரிவில் இறங்கிப் போய்விட்டார்கள். மழை வரும்வரை கறையான், மரப்பட்டை என்று அவரவருக்குக் கிடைத்ததைத் தின்று எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு தலை இரண்டாகி, இரண்டு நாலாகி, சரிவு மறுபடி பச்சையாவதற்குப் பல மழைகள் ஆயின. அதன்பிறகுதான் சந்தைக்குக் கிழங்கு வந்தது. காட்டுப்பன்றியும் கொண்டுவந்தது. ஆனால் கடை போடவில்லை. நேராக மந்தியின் முன்னால் போய்க் கிழங்குகளை இறக்கிவைத்துவிட்டு, தலை நிமிராமல் நின்றது.

மந்தி ஒவ்வொரு கிழங்காக எடுத்துப் புரட்டிப் பார்த்தது. எல்லாவற்றிலும் தலை கடித்து எடுக்கப்பட்டிருந்தது. காட்டுப்பன்றியின் மூக்கில் குழி மூடிய மண் ஒட்டியிருந்தது.

"சரி அண்ணே, போய்க் கடை போடுங்கள்" என்றது மந்தி. தனக்கென்று அது ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

நீதி: தகாததை விற்பவனின் குற்றத்தில், தெரிந்தே வாங்குபவனுக்கும் பங்கு உண்டு.